வெருகலுக்குக் குறையே இல்லை

"ரெண்டு காணாது, தம்பி. மூண்டு வேணும்."

கமலாதேவி அறிக்கைக் கோவையை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். நிர்வாகம் அவருடைய பொறுப்பு. அந்தக் கை ஒரு கோவையின்மேல் உட்கார்ந்துவிட்டால், பணிப்பாளரே வந்து தூக்கினாலும் எழும்பாது.

"என்ன மூண்டு, அக்கா?" என்றான் நிருபன்.

"நீங்கள் ஒப்பிட்டுப் பாத்தது ரெண்டு சாமான். அமைச்சின்ரை சுற்றுநிருபத்தில குறைஞ்சது மூண்டு எண்டு கிடக்கு."

"அது சாமான் வாங்கிறதுக்கு. இது ரெண்டும் மென்பொருள். சும்மா கிடைக்கிறது. விலையே இல்லை."

"சும்மா எண்டாலும் மூண்டு."

நிருபன் கூரை விசிறியைப் பார்த்தான். அது சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்தில் வேறு ஒன்றும் அசைவதாகத் தெரியவில்லை.

சீனன்குடாவுக்கும் கப்பல்துறைக்கும் நடுவில், கண்டி வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு கிறவல் பாதையின் முடிவில் இருக்கிறது அந்த அலைக் கணிப்பு நிலையம். அங்கே எட்டுக் கணினிகள் வெளிநாட்டு உதவியில் வந்து இறங்கியிருந்தன. பெட்டி உடைத்த நாளில் எடுத்த படத்தில் பதினாறு பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதில் பதினைந்து பேர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. மிச்சம் ஒருவன்தான் நிருபன்.

நாளைக்குத் திருகோணமலைக் கரையோரத்தில் அலை எவ்வளவு உயரம் எழும் என்று எட்டுக் கணினியும் சேர்ந்து கணக்குப் போடவேண்டும். கணக்கில் பிழை இல்லை, எழுதி வைப்பதில்தான் வில்லங்கம். எட்டுக்கும் விடை எழுத ஒரேயொரு சேமிப்பு வட்டுத்தான் பூட்டியிருந்தது. எட்டு வள்ளம் ஒன்றாகக் கரைக்கு வந்து, மீன் நிறுக்க ஒரு தராசு மட்டும் இருந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. ஒன்று எழுத, ஏழு பார்த்துக்கொண்டு நின்றன. அரசாங்கக் கந்தோரில் கொஞ்ச நாள் இருந்தால் யாருக்கும் அந்தப் பழக்கம் வந்துவிடும்.

ஒரு நாளின் அலையைக் கணிக்க முப்பத்தொரு மணித்தியாலம் பிடித்தது. ஆகவே நாளைய அலை எப்படியிருக்கும் என்பது, நாளைக்கு வள்ளங்கள் போய், வந்து, மீன் விற்று, எல்லாரும் சோறு தின்று முடித்த பிறகு மிகத் துல்லியமாகத் தெரியவரும். மீனவர்களின் தொலைபேசிக்கு அதை அனுப்புகிற குறுந்தகவலுக்கு மூதூரிலிருந்து ஒருவர் பதில்கூடப் போட்டிருந்தார்: "நீங்க சொன்னது சரி. காலையில அப்படித்தான் இருந்தது."

இதற்கு மருந்து உண்டு. சமாந்தரக் கோப்பு முறைமை என்று பெயர். ஒரு கோப்பைத் துண்டு துண்டாக்கி, பல வட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதவும் வாசிக்கவும் விடுகிற மென்பொருள் அது. ஒரு தராசுக்குப் பதிலாக நாலு தராசு. களஞ்சியத்தில் சும்மா கிடந்த மூன்று வட்டையும் சேர்த்தால் நாலு வட்டு. நிருபன் அதில் இரண்டைத் தேர்ந்தெடுத்தான். ஒன்றின் பெயர் ஒஸ்ப்ரே, மற்றது கிரானைற். ஏழு கிழமை, நாற்பத்தொன்பது நாள், அவற்றோடு மல்லுக்கட்டினான். எட்டும் சேர்ந்து ஒரு பெரிய கோப்பை எழுதினால் எவ்வளவு வேகம், பத்தாயிரம் சின்னக் கோப்புகளைத் திறந்து மூடினால் எவ்வளவு, நடுவில் ஒரு வட்டைப் பிடுங்கினால் என்ன செய்யும் என்று ஒவ்வொரு சோதனையையும் பத்துத் தரம் செய்தான். ஒவ்வொரு தரமும் கணினியின் நினைவகத்தைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்கினான். இல்லாவிட்டால் போன தரம் பார்த்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு, கெட்டிக்காரன் மாதிரி நடிக்கும்.

ஒஸ்ப்ரே அலையைக் கணிக்க ஐந்து மணித்தியாலம் எடுத்தது. கிரானைற்றுக்கு ஒன்பது. நேர்மையான ஆள் என்பதால் குறைபாடுகளையும் எழுதினான். ஒஸ்ப்ரேயில் பதினொன்று, கிரானைற்றில் பதினேழு. அவன் செய்த முதலாவது பிழை அதுதான்.

அறிக்கை அவனுக்குச் சும்மா ஒரு அறிக்கை அல்ல. ஒன்பது வருடமாக அவன் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் இருக்கிறான். இந்த மாதம் முப்பதோடு அதுவும் முடிகிறது. அறிக்கையைக் குழு ஏற்றுக்கொண்டால், 'கணினித் தொகுதிப் பொறுப்பாளர்' என்று ஒரு நிரந்தரப் பதவி வரும் என்று பணிப்பாளர் சின்னராசா சொல்லியிருந்தார். அந்தப் பதவி வந்தால்தான் கலியாணத்துக்கு நாள் பார்ப்பது என்று பிரசாந்தினியின் தகப்பன் சொல்லியிருந்தார். பிரசாந்தினி நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். நாலு வருடமாகக் காத்திருக்கிறாள்.

பதவிக்கு முன்னமே அதற்கான கதிரை வந்துவிட்டது. கறுப்பு நிறம், சுழலக்கூடியது, தலை சாய்க்க இடம் வைத்தது. இரண்டு மாதமாகப் பொலித்தீன் உறையோடு நடைபாதையில் நின்றது. தேநீர் போடுகிற றுக்கியா ராத்தா தினமும் காலையில் அதைத் துடைத்துவிட்டுத்தான் கேத்தலை வைப்பார். நிருபன் இருந்தது ஒரு கால் வெடித்த பிளாஸ்ரிக் கதிரையில். ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பொலித்தீனோடு சேர்த்து அந்தக் கறுப்புக் கதிரையில் இருந்து பார்த்தான். கால் நிலத்தில் படவில்லை. வேலை நிரந்தரமானதும் இறக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

"அக்கா, மூண்டாவதைச் சோதிக்க இன்னும் மூண்டு கிழமை வேணும். குழு கூடுறது புதன்கிழமை. இண்டைக்குத் திங்கள்."

கமலாதேவி கண்ணாடியைக் கழற்றினார். "போன வருசம் இந்தக் கந்தோருக்குப் பெயின்ற் அடிச்சது ஞாபகமோ?"

"ஓம்."

"எத்தினை விலைமனு?"

"மூண்டு."

"எத்தினை கடை?"

நிருபன் சுவரிலிருந்த பெயின்ற்றைப் பார்த்தான்.

"ஒரு கடை. மற்ற ரெண்டையும் அந்த முதலாளியே அடிச்சுத் தந்தவர். ஒண்டில மச்சான்ரை பேர், மற்றதில மாமியின்ரை பேர். தம்பி, மூண்டாவது எண்டது தோக்கிறதுக்கு. தோக்கப்போற ஒண்டு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

இப்படி ஒரு தத்துவத்தை அவன் பல்கலைக்கழகத்தில் படித்திருக்கவில்லை. தன் பிளாஸ்ரிக் கதிரைக்குப் போய் யோசித்தான். வெளிநாட்டுப் பெயராக வைத்தால் யாராவது இணையத்தில் தேடுவார்கள். உள்ளூர்ப் பெயராக வைத்தால் தேடமாட்டார்கள். நம்முடைய ஊரில் செய்த ஒன்றை நம்மவர்கள் தேடிப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. போன மாதம் வெருகல் முருகன் கோயிலுக்குப் போய்வந்த பஸ் ரிக்கற் மேசையில் கிடந்தது. 'வெருகல்' என்று தட்டச்சில் அடித்தான்.

வேகம்: பதினாலு மணித்தியாலம். தோற்பதற்கு அது போதும்.

'குறைபாடுகள்' என்ற இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. இல்லாத ஒன்றுக்கு என்ன குறையை எழுதுவது? பொய்க்கும் ஒரு அளவு வேண்டும் என்று அவன் மனச்சாட்சி சொன்னது. அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டான். அது இரண்டாவது பிழை.

புதன்கிழமை குழு கூடியது. குழுவுக்கும் மூன்று பேர் வேண்டும். பணிப்பாளர் சின்னராசா, கமலாதேவி, எண்ணிக்கைக்காகக் களஞ்சியப் பொறுப்பாளர் முஹம்மது தம்பி.

"இதெல்லாம் வைக்கக் களஞ்சியத்தில இடம் வேணுமா?" என்று முஹம்மது தம்பி கேட்டார்.

"வேண்டாம் நானா. இது மென்பொருள்."

"அப்ப எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்ல," என்று அவர் முதலிலேயே கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கமலாதேவி புள்ளித்திட்டத்தை வாசித்தார். வேகத்துக்கு முப்பது. குறைபாடு இன்மைக்கு நாற்பது, ஒரு குறைக்கு மூன்று புள்ளி கழிக்கப்படும். உள்நாட்டு உற்பத்திக்கு முப்பது.

"ஒஸ்ப்ரே. வேகம் முப்பது. குறை பதினொண்டு, முப்பத்துமூண்டு கழிய ஏழு. உள்நாட்டுக்குச் சைபர். மொத்தம் முப்பத்தேழு. கிரானைற். வேகம் இருபது. குறை பதினேழு, கழிக்கக்கூட ஏலாது, சைபர். மொத்தம் இருபது." தாளைத் திருப்பினார். "வெருகல். வேகம் பத்து. குறை ஒண்டும் இல்லை, நாப்பது. உள்நாட்டு உற்பத்தி, முப்பது. எண்பது."

நிருபன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான். "அக்கா, அது மெத்தச் சோம்பல். பதினாலு மணித்தியாலம் எடுக்கும்."

"முப்பத்தொண்டை விடக் குறைவுதானே, ஐசே," என்றார் பணிப்பாளர். நெற்றியில் திருநீறும் கையில் இரண்டு தொலைபேசியும் உள்ள மனிதர். "ஒருத்தன் ஒரு குறையும் இல்லாத சாமான் செய்திருக்கிறான், அதுவும் எங்கட மண்ணில. நீர் என்னெண்டா வேகம் வேகம் எண்டு நிக்கிறீர். ஓடிப் போய் என்ன செய்யப்போறம்?"

வெருகல் ஏகமனதாகத் தெரிவானது.

மத்தியானம் பிரசாந்தினிக்கு எல்லாவற்றையும் சொன்னான். மறுமுனையில் அவள் நெடுநேரம் சிரித்தாள்.

"இல்லாத சாமானில ஆருக்கு என்ன குறை பிடிக்க ஏலும்?" என்றாள். "உங்களிட்ட நான் இதுவரைக்கும் எத்தினை குறை கண்டிருக்கிறன்? ஏனெண்டா நீங்கள் இருக்கிறீங்கள்."

"பகிடி விடாதையும். இப்ப நான் என்ன செய்ய?"

"போய் உண்மையைச் சொல்லுங்கோ."

அவன் உண்மையைச் சொல்லத்தான் பணிப்பாளரின் அறைக்குப் போனான். வாசலில் நின்று யோசித்ததில் உண்மை கொஞ்சம் சுருங்கியது. உள்ளே போகும்போது அதில் பாதிதான் மிச்சம்.

"சேர், வெருகலை எடுக்க ஏலாது. அதைச் செய்த ஆளைப் பிடிக்கிறது கஷ்டம். நாளைக்கு ஒரு பழுது வந்தா ஆரைக் கேக்கிறது?"

"ஆர் செய்தது?"

இந்தக் கேள்வி வரும் என்று நிருபன் நினைத்திருக்கவில்லை. "ஒரு பெடியன், சேர்."

"எந்த ஊர்?"

"வெருகல் பக்கம்."

மேசையில் ஒரு தொலைபேசி அதிர்ந்தது. பணிப்பாளர் எடுத்து, "ஒரு அலுவலா இருக்கிறன் தங்கச்சி, பிறகு எடுக்கிறன்," என்று வைத்தார். வைத்தவர் தொலைபேசியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை இழுத்து எடுத்தார்.

"பெடியன்ரை பேர் என்ன?"

நிருபன் மேசையெல்லாம் பெயர் தேடினான். நாட்காட்டி, மைப்பேனா, பணிப்பாளரின் மூக்குக்கண்ணாடிக் கூடு. ஒன்றும் கைகொடுக்கவில்லை.

"தர்சன் எண்டு ஏதுமோ?" என்றார் பணிப்பாளர்.

"ஓம் சேர். தர்சன்தான்." அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

"வயது இருபத்தெட்டு இருக்குமோ?"

"இருக்கும் சேர்."

"வெளிநாட்டில படிச்சிட்டு வந்து, சரியான வேலை கிடைக்காம வீட்டில நிக்கிறானோ?"

"அப்பிடித்தான் கேள்வி."

"கலியாணம்?"

"இன்னும் இல்லை, சேர்."

"பாவம்," என்றார் பணிப்பாளர். உண்மையாகவே கவலைப்பட்டார். எல்லாவற்றையும் தாளில் குறித்துக்கொண்டார். "இப்பிடிப்பட்ட பிள்ளையளை நாங்கள்தான் ஐசே தூக்கி விடவேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வெருகல் ஓடவேணும். விளங்குதோ?"

நிருபனுக்கு ஒன்று மட்டும் விளங்கியது. இல்லாத ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் ஓட்டவேண்டும்.

ஆனால் கெட்டிக்காரன். ஒஸ்ப்ரேயை நாலு வட்டிலும் முறையாக நிறுவினான். பிறகு திரையில் ஒஸ்ப்ரே என்று வருகிற இடமெல்லாம் வெருகல் என்று மாற்றினான். ஒரு பறவையின் சின்னம் இருந்தது. அதை எடுத்துவிட்டு ஒரு வேல் வைத்தான். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கிய கணக்கு பிற்பகல் ஒரு மணிக்கு முடிந்தது. சனிக்கிழமையின் அலை சரித்திரத்தில் முதல் தடவையாக வெள்ளிக்கிழமையே தெரிந்தது. மூதூரிலிருந்து பதில் வந்தது: "என்ன, இண்டைக்கு முந்தியே சொல்றீங்க? ஏதும் பிரச்சினையா?"

நிருபனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சொன்ன பொய்யெல்லாம் ஒரு நல்ல காரியத்தில் வந்து முடிந்துவிட்டது என்று நினைத்தான்.

பணிப்பாளர் திரையை உற்றுப் பார்த்தார். "உம்மடை அறிக்கையில பதினாலு மணித்தியாலம் எண்டு கிடக்கு. இது அஞ்சில முடிஞ்சிருக்கு. எப்பிடி?"

இதற்கும் அவன் யோசித்து வைத்திருக்கவில்லை. "தர்சன் ஒரு திருத்தம் அனுப்பினவர், சேர்."

"ரெண்டு நாளுக்குள்ளயோ?"

"ஓம் சேர். கெட்டிக்காரன்."

"பதினாலை அஞ்சாக்கிப் போட்டான்," என்று பணிப்பாளர் தனக்குள் சொல்லிக்கொண்டு போனார். அவருடைய நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அறிவித்தல் பலகையில் பதவி வெற்றிடம் ஒட்டப்பட்டிருந்தது. கணினித் தொகுதிப் பொறுப்பாளர், நிரந்தரம், ஓய்வூதியம் உண்டு. கீழே ஒரு வரி: 'வெருகல் முறைமையை உருவாக்கிய அனுபவம் மேலதிகத் தகைமையாகக் கொள்ளப்படும்.'

நிருபன் அதை மூன்று தரம் வாசித்தான். உலகத்தில் அந்தத் தகைமை உள்ள ஒரேயொரு மனிதனை அவன்தான் உண்டாக்கியிருந்தான். அந்த மனிதன்தான் இப்போது அவனுடைய வேலையைப் பறிக்கப் போகிறான்.

நேரே பணிப்பாளரிடம் போனான்.

"சேர், ஒரு உண்மை சொல்லவேணும். வெருகலைச் செய்தது நான்தான்."

பணிப்பாளர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"நீரோ? உம்மடை சாமானை நீரே சோதிச்சு, குறையில்லை எண்டு நீரே எழுதி, எண்பது புள்ளி வாங்கினதோ?"

"இல்லை சேர், அது..."

"தர்சன் எண்டு ஒருத்தன் இல்லையோ அப்ப? குழுவுக்குப் பொய் சொன்னதோ? அது ஒழுக்காற்று விசாரணை, ஐசே. ஒன்பது வருசமும் தண்ணியில போம். இனி ஒரு கந்தோரும் உம்மை உள்ளுக்க எடாது." பேனாவை மூடி வைத்தார். "எது உண்மை?"

"பகிடிக்குச் சொன்னனான், சேர்."

"நினைச்சனான்," என்று பணிப்பாளர் சிரித்தார். "பகிடிக்கும் இப்பிடிக் கதைக்கக் கூடாது."

கமலாதேவிதான் வழி காட்டினார். இரக்கத்தால் அல்ல. சுற்றுநிருபத்தை யாராவது பிழையாக விளங்கிக்கொண்டால் அவருக்குப் பொறுக்காது.

"ஏன் தம்பி தலையில கையை வச்சுக்கொண்டு இருக்கிறீங்கள்? நியமனச் சுற்றுநிருபத்தில பன்னிரண்டாம் பந்தியைப் பாருங்கோ. நியமனம் பெற்றவர் கடமையைப் பொறுப்பேற்கும் வரை, தற்போது கடமையாற்றுபவர் தொடர்ந்து கடமையாற்றுவார்."

"நியமனம் கிடைச்ச ஆள் பொறுப்பெடுக்காட்டி?"

"எடுக்கும் மட்டும் நீங்கள்தான்."

"வரவே இல்லையெண்டா?"

"நீங்கள் ஓய்வுபெறும் மட்டும் நீங்கள்தான்."

நிருபன் எழும்பி நின்றான். அந்தப் பன்னிரண்டாம் பந்தி அவனுக்கு ஒரு கோயில் மாதிரித் தெரிந்தது. தர்சன் தெரிவாகட்டும். தர்சன்தான் தெரிவாகவேண்டும். வேறு யாரும் தெரிவானால் அடுத்த நாளே பெட்டியோடு வந்து நிற்பான். தர்சன் வரமாட்டான். சாகும்வரைக்கும் வரமாட்டான், ஏனென்றால் பிறக்கவில்லை.

அன்றிலிருந்து தர்சனுக்காக அவன் ஓடிய ஓட்டத்தை அவன் தனக்காக ஒரு நாளும் ஓடியதில்லை. தர்சனோடு தொடர்பில் இருக்கிற ஒரே ஆள் என்பதால் நற்சான்றுக் கடிதம் தரச் சொல்லிப் பணிப்பாளர் கேட்டார். இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தான். வேல் வைத்ததை மட்டும் விட்டுவிட்டு, ஏழு கிழமை தான் செய்த சோதனை முழுவதையும் தர்சன் செய்ததாக எழுதினான். நினைவகத்தைத் துடைத்ததைக்கூட விடவில்லை. எழுதி முடித்து வாசித்தபோது அவனுக்கே அந்தப் பெடியன்மேல் ஒரு மரியாதை வந்தது.

நேர்முகத்துக்கு மூன்று பேர். ஒருவன் நிருபன், மற்றவர் நகரத்தில் கணினி வகுப்பு நடத்துகிற ஒருவர், மூன்றாவது தர்சன். தர்சனைத் தானே தொலைபேசியில் நேர்முகம் செய்துவிட்டதாகவும், பெடியன் நன்றாகப் பதில் சொன்னதாகவும் பணிப்பாளர் குழுவுக்கு அறிவித்தார்.

இதைக் கேட்டதும் நிருபனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இல்லாத ஆளோடு அரை மணித்தியாலம் கதைத்தாராம். பாவம், இந்த மனிதரும் என்னைப்போலத்தான் சமாளிக்கிறார் என்று நினைத்தான். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகப் பணிப்பாளர்மேல் பாசம் வந்தது.

புள்ளிகளைக் கமலாதேவி வாசித்தார். நிருபனின் தனிப்பட்ட கோவையில் குறைகள் பதினாலு. பிந்தி வந்தது ஒன்பது தரம், விளக்கம் கோரிய கடிதம் நாலு, வெடித்த கதிரையை மாற்றித் தரச் சொல்லி நேரடியாக அமைச்சுக்கு எழுதியது ஒன்று. வகுப்பு நடத்துகிறவருக்கு ஆறு. தர்சனுக்கு ஒன்றும் இல்லை.

தர்சன் ஏகமனதாகத் தெரிவானான். முதலில் கைதட்டியவன் நிருபன்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் மூன்று மணிக்கே கந்தோரால் வெளிக்கிட்டான். ஞாயிற்றுக்கிழமை பிரசாந்தினி வீட்டுக்குப் போய், அவளுடைய தகப்பனுக்கு முன்னால் நிமிர்ந்து இருந்தான்.

"ஓய்வுபெறும் மட்டும் என்னை ஒருத்தரும் அசைக்க ஏலாது, மாமா. சுற்றுநிருபத்திலயே கிடக்கு."

"கடுதாசி இருக்கோ?"

"பன்னிரண்டாம் பந்தி."

தகப்பனுக்கு விளங்கவில்லை. ஆனால் பந்தி இலக்கம் சொல்லி ஒருவன் கதைத்தால் நம்பாமல் இருக்க முடியாது. ஆவணி மாதத்தில் நாள் வைத்தார்கள். வாசலில் வழியனுப்ப வந்த பிரசாந்தினி மட்டும் கொஞ்சம் யோசனையாக நின்றாள்.

"எனக்கொரு சந்தேகம்," என்றாள். "வராத ஒருத்தனுக்கு ஏன் உங்கட சேர் இவ்வளவு பாடுபடுறார்?"

"அந்தாள் ஒரு அப்பாவி," என்றான் நிருபன்.

திங்கட்கிழமை காலை கேக் பெட்டி ஒன்றோடு வந்தான். நடைபாதையில் கறுப்புக் கதிரை இல்லை. பொலித்தீன் உறை மட்டும் சுருட்டிக் குப்பை வாளியில் கிடந்தது. நிருபனின் நெஞ்சு நிறைந்தது. கடைசியில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். இன்றைக்கே உயரத்தை இறக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு கணினி அறையைத் திறந்தான்.

கதிரை உள்ளேதான் இருந்தது. அதில் ஒரு பெடியன் இருந்தான். வாட்டசாட்டமானவன், நல்ல உயரம். இரண்டு பாதமும் நிலத்தில் பொருந்தியிருந்தன.

"நீங்கள்தானே நிருபன் அண்ணை?" என்று எழும்பிக் கை நீட்டினான். "நான் தர்சன்."

"எந்தத் தர்சன்?"

"வெருகல் தர்சன்."

கேக் பெட்டி கையில் கனத்தது. அப்படி ஒரு ஆள் இல்லை என்று கத்தவேண்டும்போல இருந்தது. வாயைத் திறந்தான். மேசையில் அவனுடைய இரண்டு பக்க நற்சான்றுக் கடிதம் கிடந்தது, கீழே அவனுடைய கையெழுத்தோடு. வாயை மூடினான்.

"வெள்ளிக்கிழமை பின்னேரமே வந்து பொறுப்பெடுத்திட்டன்," என்றான் பெடியன். மரியாதையான பிள்ளை. கடிதத்தை எடுத்து ஒரு இடத்தில் விரல் வைத்தான். "நேற்று முழுக்க இதைத்தான் பாடமாக்கினனான். நல்லா எழுதியிருக்கிறீங்கள். ஒண்டு மட்டும் கேக்கட்டோ? இந்த வெருகல் எண்டது என்ன சாமான், அண்ணை?"

நிருபன் கேக் பெட்டியோடு வெளியே வந்தான். நடைபாதையில் றுக்கியா ராத்தா இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்துகொண்டிருந்தார். கேக் பெட்டியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"ராத்தா," என்றான். "உள்ளுக்க இருக்கிற பெடியன் ஆர்? இவனை எங்கயிருந்து பிடிச்சவை?"

"பெரிய சேர்ட தங்கச்சி மகன்தானே, ஒங்களுக்குத் தெரியாதா மகன்?" என்றார் றுக்கியா. "அந்தக் கதிரய வாங்கின அண்டைக்கே அவரக் கூட்டி வந்து, இருத்தி, ஒசரம் பாத்துட்டுத்தானே பொலித்தீனால மூடி வெச்சாங்க."